வருகைப் பதிவேட்டில் இடமில்லாத நோய்

ஆந்திரத்தின் முந்தைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, தமது ஆட்சியின் முதன்மையான கல்வித் திட்டமான "அம்மா ஒடி'யைத் தொடங்கி வைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் சித்தூர். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்மாரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.15 ஆயிரம் செலுத்தும் அத்திட்டம், 2020 ஜனவரி 9-ஆம் தேதி அங்கு நடைபெற்ற விழாவில் நடைமுறைக்கு வந்தது. முதல் வகுப்பு முதல் பிளஸ் 2-வுக்கு இணையான இன்டர்மீடியட் வரை படிப்போர் இதன் வரம்புக்குள் வந்தனர். பணம் பெற ஒரு நிபந்தனை உண்டு. குழந்தையின் வருகைப் பதிவு 75 சதவீதமாவது இருக்க வேண்டும்.

முதல் ஆண்டில் இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. பின்னர் கரோனா வந்து பள்ளிகளே மூடப்பட்டதால் வருகையைக் கணக்கிட வழியில்லாமல் போனது. 2022 ஜூன் மாதப் பட்டுவாடாவின்போதுதான் நிபந்தனை முழு வீச்சில் அமலானது. போதிய வருகை இல்லை என்பதால் அந்த ஆண்டு அரை லட்சம் பேர் அளவுக்குப் பயனாளிகள் பட்டியலிலிருந்து விடுபட்டதாக அரசுத் தரப்பே விளக்கம் அளித்தது.

வேலைக்குப் போனதால் வராத சிறுவன், பெற்றோருடன் பிழைப்பு தேடி பெங்களூருக்கோ சென்னைக்கோ போன சிறுமி, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த மாணவர் ஆகிய மூவரும் வருகைப் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அவர்களை வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் சதவீதக் கணக்குக்கு இல்லை. முதல் இருவரைப் பள்ளிக்கு இழுத்துவர ஒரு நிபந்தனை உதவக்கூடும். மூன்றாமவருக்கு அது தண்டனையாகிவிடுகிறது.

2024-இல் ஆட்சி மாறியது. தெலுங்கு தேசம் கூட்டணி அரசு இத்திட்டத்தைத் "தல்லிகி வந்தனம்' என்ற பெயரில், வீட்டில் எத்தனை குழந்தைகள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு என்று விரிவாக்கி, 2025 ஜூனில் பணம் வழங்கத் தொடங்கியது. 67 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன்பெறுவர் என அறிவிக்கப்பட்டது. ஒரு குழந்தைக்கா, எல்லாக் குழந்தைகளுக்குமா. 15 ஆயிரமா, பராமரிப்புக்கென ரூ.2 ஆயிரம் கழித்து 13 ஆயிரமா என்பதில்தான் இரு கட்சிகளும் மோதிக் கொண்டன. 75 சதவீதம் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. 2024 ஜூலையில் வெளியான அரசாணையிலும் அந்த நிபந்தனை அப்படியே இடம்பெற்றது.

மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை: நாள்பட்ட நோயுடன் படிக்கும் வளரிளம் பருவத்தினரின் நிலையை ஆராய, பழைய சித்தூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பிறகும், மருத்துவத்தைப் பொருத்தவரை இவ்விரு மாவட்டங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவையே. திருமலை-திருப்பதி தேவஸ்தான ஆதரவில் 1993-இல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் (ஸ்விம்ஸ்), மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த ரூயா அரசுப் பொது மருத்துவமனை, எலும்பு-மூட்டு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற "பர்ட்' மருத்துவமனை ஆகியவை திருப்பதியில் உள்ளன. குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கென ஸ்ரீ பத்மாவதி இருதயாலயம் 2021 அக்டோபரில் அங்கு திறக்கப்பட்டது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூர் சிஎம்சி. நகரி, சத்தியவேடு பகுதி மக்களுக்குச் சென்னையும் எட்டும் தூரம்தான். இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மாநில எல்லை என்பது பேருந்தில் தூங்கிக் கொண்டே கடக்கும் ஒரு சோதனைச் சாவடி மட்டுமே.

நீண்ட கால நோயுடன் இந்த மண்ணுக்கு உள்ள தொடர்பும் பழையது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோயாளிகளுக்காக மிஷனரிகள் அமைத்த சானடோரியம் தென்னிந்தியா முழுவதும் அறியப்பட்டிருந்தது. அந்த இடத்துக்கே ஆரோக்கியவரம் என்று பெயர். அக்காலத்தில் நோய் என்றால் வீட்டையும் பள்ளியையும் விட்டு மாதக்கணக்கில் விலகியிருத்தல் என்று பொருள். இன்றைய மருத்துவம் அந்த நிலையை மாற்றிவிட்டது. சர்க்கரை நோயோ, வலிப்போ, தலசீமியாவோ உள்ள குழந்தை இன்று வீட்டிலேயே வளர்கிறது. பள்ளிப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனத் தவணை முறையில் பள்ளியை இழக்கிறது. இந்தத் தவணை இழப்பைக் கணக்கில் கொள்ள நமது கல்வித் துறை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நாள்களின் கணக்கு: கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாள்கள். 75 சதவீத விதிப்படி ஒரு மாணவர் 55 நாள்கள் வரை வராமல் இருக்கலாம். நலமுள்ள குழந்தைக்கு இது தாராளமான சலுகை.

தலசீமியா கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தப் பொருத்தம் பார்க்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள் எனக் கொண்டால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை செல்பவருக்குக்கூட பத்து மாதக் கல்வியாண்டில் ஏறக்குறைய 30 நாள்கள் போய்விடும். குப்பத்திலிருந்தோ பலமநேரிலிருந்தோ திருப்பதிக்கு வந்து போகும் அலைச்சல் தனி. சாதாரணக் காய்ச்சல், வீட்டு விசேஷம், திருவிழா எல்லாம் மிச்சமுள்ள 25 நாள்களுக்குள் அடங்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாணவருக்கோ ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் மருத்துவமனையில் கழியும். அவற்றில் பெரும்பகுதி பள்ளி நாள்களிலேயே விழும். அவர் எவ்வளவு ஆர்வத்துடன் படித்தாலும் 75 சதவீதத்தை எட்டுவது கணிதப்படியே கடினம்.

இதில் ஒரு முரண் உண்டு. இதே ஆந்திர அரசு தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும், சிறுநீரக நோய் முற்றியோருக்கும் மாதாந்திர ஓய்வூதியம் வழங்குகிறது. இப்போது "என்.டி.ஆர். பரோசா' என்ற பெயரில் ரூ.10 ஆயிரம் வரை கிடைக்கிறது. நாட்டிலேயே தாராளமான உதவிகளில் இதுவும் ஒன்று. அதாவது, அந்தக் குழந்தையின் பெயர், ஊர், நோய் எல்லாம் அரசுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு துறை அவரை நோயாளி என்று அங்கீகரித்துப் பணம் தருகிறது. இன்னொரு துறையின் கணினிக்கோ அவர் வெறும் "வராதவர்'தான். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது.

அறுவைச் சிகிச்சைக்குப் பணம், அன்றாடத்துக்கு இல்லை: 2007-இல் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் தொடங்கப்பட்ட "ஆரோக்கியஸ்ரீ' திட்டம், ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் ஏழைக் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையைச் சாத்தியமாக்கியது. பின்னாளில் தமிழகத்தின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் உள்ளிட்ட பலவற்றுக்கு அது முன்னோடி. ஆனால், அதன் அடிப்படைக் கட்டமைப்பு சிகிச்சை நடைமுறை ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்பதாகும். ஒரு முறை செய்து முடிக்கும் சிகிச்சைக்கு அது நன்றாகப் பொருந்தும். தினமும் மூன்று, நான்கு முறை இன்சுலின் போட்டு, விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்து வாழ்நாள் முழுவதும் நடத்த வேண்டிய சிகிச்சைக்குப் பொருந்தாது.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருப்போர் இழக்கும் கூலியை ஈடுகட்ட, நாளொன்றுக்கு ரூ.225 வழங்கும் "ஆரோக்கிய ஆசரா' 2019 டிசம்பரில் வந்தது. நோயால் இழக்கப்படும் வேலை நாளுக்கு மதிப்பு உண்டு என்பதை அரசு அதன் மூலம் ஒப்புக்கொண்டது. நோயால் இழக்கப்படும் பள்ளி நாளுக்கு அப்படியோர் ஈடு இதுவரை சிந்திக்கப்படவில்லை. அந்த ஈடு பணமாக இருக்க வேண்டியதும் இல்லை. விடுபட்ட பாடத்தை மறுபடி நடத்த ஓர் ஆசிரியருக்கு ஒதுக்கப்படும் சில மணி நேரம் போதும்.

சர்க்கரை நோயுள்ள மாணவி: டைப்-1 சர்க்கரை நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ வெளிப்படுவது. இனிப்பு தின்பதாலோ உடல் பருமனாலோ வருவதன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. சர்வதேச சர்க்கரை நோய்க் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோரில் சுமார் 2.29 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. உலகில் இதுவே அதிகம்.

இந்நோயுள்ள மாணவிக்கு மதிய உணவுக்கு முன் ஊசி போட வேண்டும். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை அளவு தாழ்ந்து கை நடுங்கும், வியர்க்கும், கவனம் சிதறும், மயக்கம்கூட வரும். அந்த நேரத்தில் உடனே வாயில் இனிப்பு போட வேண்டும். ஆந்திரப் பள்ளி மதிய உணவில் கடலை மிட்டாயும் முட்டையும் உண்டு. எத்தனை சோற்றுக்கு எவ்வளவு இன்சுலின், கடலை மிட்டாயை எப்போது தரலாம், எப்போது தரக் கூடாது என்பதைப் பள்ளியில் ஒருவராவது அறிந்திருந்தால் அந்த மாணவி ஆண்டு முழுவதும் வகுப்பில் இருப்பார். எவருக்கும் தெரியாவிட்டால் முதல் மயக்கத்தோடு "வீட்டில் வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்' என்ற அறிவுரை பெற்றோருக்குக் கிடைக்கும். ஆசிரியரின் அச்சத்தையும் குறை சொல்வதற்கில்லை. ஊசி விஷயத்தில் ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று அவருக்கு எழுத்துப்பூர்வமாக எவரும் சொன்னதில்லை.

பருவ வயதில் நிலைமை மேலும் சிக்கலாகிறது. அந்த வயதின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேகத்தைக் குறைப்பதால், அதுவரை போதுமாக இருந்த அளவு போதாமல் போகிறது. அதே வயதில்தான் தோழியர் முன் ஊசி எடுக்கக் கூச்சம் வருகிறது. கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக் கொள்வது, மதிய ஊசியையே தவிர்த்துவிடுவது எல்லாம் மருத்துவர்கள் நன்கறிந்தவை. பெண் குழந்தையாக இருந்தால், நோய் வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று வீட்டாரே மறைக்கச் சொல்வதும் உண்டு. வலிப்பு நோயிலும் இதே கதைதான். மறைக்கப்படும் நோய்க்குப் பள்ளி எப்படி உதவ முடியும்? உதவும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே வெளியே சொல்லத் துணிவு வரும்?

திருப்பதியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் இன்டர்மீடியட் படிப்புக்காகவும், நீட், ஜேஇஇ பயிற்சிக்காகவும் தனியார் விடுதிக் கல்லூரிகளில் வந்து குவியும் நகரம் அது. விடியற்காலையில் தொடங்கி இரவு வரை நீளும் பாட அட்டவணையில் சாப்பாட்டு நேரமே சுருங்கிவிடும்போது, இன்சுலின் குப்பியை வைக்கக் குளிர்பதனப் பெட்டியை எங்கே தேடுவது? வீட்டில் ஈர மணலிட்ட மண்பானைக்குள் வைத்துச் சமாளித்த தாய் விடுதியில் இல்லை. பள்ளியைத் தாண்டிய உயர்படிப்புக்கான வாசல் திறக்கும் இடத்திலேயே, நோயுள்ள பிள்ளைகள் "ஊரிலேயே ஏதாவது படிக்கட்டும்' என்று திருப்பி அழைக்கப்படுகின்றனர்.

சட்டம் எங்கே நிற்கிறது: 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. வளரிளம் பருவத்தின் பிற்பாதி அதற்கு வெளியே. "பள்ளி செல்லாக் குழந்தை' என்பதற்கான அரசு வரையறையும் கவனிக்கத்தக்கது. முன்னறிவிப்பின்றி 45 நாள்கள் அல்லது அதற்கு மேல் வராதவரே அந்தக் கணக்கில் சேர்வார். இரண்டு வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் பள்ளியை இழக்கும் குழந்தை அந்த வலையில் ஒருபோதும் சிக்காது. உதவி தேடிவரும் அளவுக்கு நீண்ட விடுப்பும் இல்லை, உதவித்தொகை பெறும் அளவுக்கு வருகையும் இல்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளை 7-லிருந்து 21-ஆக உயர்த்தியது. ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய ரத்தக் குறைபாடுகள் அப்போது சேர்க்கப்பட்டன. டைப்-1 சர்க்கரை நோய், வலிப்பு, ஆஸ்துமா, வாதக் காய்ச்சலால் ஏற்படும் இதய வால்வு பாதிப்பு ஆகியவை பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவருக்கும் 40 சதவீதப் பாதிப்பு என்ற சான்றிதழ் இருந்தால்தான் 18 வயது வரை இலவசக் கல்வி போன்ற உரிமைகள் கிட்டும். நாடு முழுவதும் பள்ளி மாணவர் விவரங்களைத் திரட்டும் "யுடைஸ்' படிவமும் இந்தக் குறைபாட்டு வகைகளையே பின்பற்றுகிறது. பட்டியலில் இல்லாத நோய் தில்லியின் புள்ளிவிவரத்திலும் இல்லை.

பட்டியலை விரிவாக்க நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவர வேண்டிய தேவையில்லை. மத்திய அரசு அறிவிக்கை மூலம் வேறு வகைகளையும் சேர்க்கலாம் என்று சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. ஆயினும், இந்த வழியைப் பெற்றோர் அனைவரும் விரும்புவதில்லை. மாற்றுத்திறனாளி என்ற முத்திரை வாழ்நாள் முழுவதும் தொடரும் என அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமற்றதன்று.

முத்திரை குத்தாமலேயே உதவும் முறைகள் உலகில் உள்ளன. இங்கிலாந்தில் 2014-இல் இயற்றப்பட்ட குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், உடல்நலக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு ஆதரவளிக்கும் ஏற்பாடுகளைச் செய்வதைப் பள்ளி நிர்வாகத்தின் கடமையாக்கியது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவின் கீழ், சர்க்கரை நோயுள்ள மாணவருக்கெனத் தனித் திட்டம் எழுதப்படுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் "மிட்டாயி' என்ற திட்டத்தின் கீழ் டைப்-1 சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் அரசே வழங்குகிறது.

தில்லியிலிருந்தும் சில நடவடிக்கைகள் வராமல் இல்லை. பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுசெல்ல டைப்-1 நோயுள்ள மாணவர்களை சிபிஎஸ்இ 2017-இல் அனுமதித்தது. வகுப்பிலும் தேர்விலும் சர்க்கரை அளவு பார்க்கவும், ஊசி போட்டுக் கொள்ளவும், இடையில் சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்குமாறு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களைக் கேட்டுக் கொண்டது. உத்தரப் பிரதேசம் அதைத் தொடர்ந்து உத்தரவும் பிறப்பித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், ஆணையத்தின் கடிதம் பரிந்துரையே, உரிமையாகாது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் வண்டி: ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2010-இலேயே "ஜவாஹர் பால ஆரோக்கிய ரக்ஷா' என்ற பள்ளிச் சிறார் பரிசோதனைத் திட்டம் இருந்தது. 2013-இல் மத்திய அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் நாடெங்கும் வந்தது. பிறப்பு முதல் 18 வயது வரை சுமார் 30 குறைபாடுகளைக் கண்டறிவது அதன் நோக்கம். வாதக் காய்ச்சல் இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு ஆகியன அதில் உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும்.

கண்டறிவதில் இத்திட்டத்தின் பயன் மறுக்க முடியாதது. கண்டறிந்த மறுநாள் முதல் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. இதய வால்வு பாதிக்கப்பட்ட சிறுவனுக்கு மீண்டும் காய்ச்சல் தாக்காமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் போட வேண்டும். ஆண்டுக்குப் பதினேழு ஊசி. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலையில் போட்டால் பள்ளி கெடாது. காலையில் மட்டும் என்றால் ஆண்டுக்குப் பதினேழு நாள் போகும். இவ்வளவு சிறிய ஏற்பாடு ஒன்றைச் செய்யச் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் ஒரே மேஜையில் அமர வேண்டும். அரசியல் சாசனப்படி மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில்; கல்வியோ 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில். 2020-இல் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டப்படி பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் சுகாதாரத் தூதர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். அவர்களின் பணி அனைவருக்கும் நல்வாழ்வு பற்றிப் பாடம் நடத்துவது. மூன்றாவது பெஞ்சில் அமர்ந்திருக்கும் குறிப்பிட்ட ஒரு நோயாளி மாணவர் அவர்களின் பொறுப்பில் வரவில்லை.

ஆந்திரத்தில் இப்போது இந்த இணைப்புக்கு ஒரு வாய்ப்பு தென்படுகிறது. முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதியான குப்பத்தில், டாடா நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் "டிஜிட்டல் நெர்வ் சென்டர்' 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது. மக்களின் மருத்துவ விவரங்களைக் கணினியில் தொகுத்து, சிறப்பு மருத்துவர்களுடன் இணைப்பது அதன் நோக்கம். திருப்பதிக்கு அலையாமல் குப்பத்திலேயே மருத்துவ ஆலோசனை கிடைத்தால் அதுவே சில பள்ளி நாள்களை மீட்டுத்தரும். அந்த ஆவணத்திலிருந்து "இம்மாணவருக்கு வருகை நிபந்தனை பொருந்தாது' என்ற ஒரே ஒரு வரி, நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், கல்வித் துறைக்குச் சென்றால் மற்றொரு பிரச்னையும் தீரும்.

ஆனால், யார் ஒப்புதலில் செல்லும் என்பது முடிவாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத அனைவரும் குழந்தைகளே. அவர்களது விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. தன் நோய் பள்ளிக்குத் தெரிய வேண்டும் என விரும்பும் பதினாறு வயது மாணவியும், தெரியவே கூடாது என அதை மறைக்கும் அவரது வீட்டாரும் வேறுபடும்போது, சட்டம் கேட்பது வீட்டாரின் கையொப்பத்தைத்தான்.